கொம்பியூட்டருக்குக் காய்ச்சல்

உலகத்தில் மிகவும் ஆபத்தான படிப்பு மூன்று மாதப் படிப்புத்தான். ஒன்றுமே படிக்காதவர்கள் ஒரு பெட்டியைத் திறக்கப் பயப்படுவார்கள். ஒழுங்காகப் படித்தவர்களுக்குத் திறந்தால் மூடத் தெரியும். மூன்று மாதம் படித்தவர்களுக்குத்தான் பயமும் இருக்காது, மூடவும் தெரியாது. நான் வவுனியாவில் மூன்று மாதம் கொம்பியூட்டர் படித்தவள்.

படித்தேன் என்றால், எட்டுப் பேருக்கு ஒரு கொம்பியூட்டர் இருந்த வகுப்பில் கதிரைக்காக அடிபட்டேன் என்று அர்த்தம். எலியைக் கையில் பிடிக்கும் முறை எனக்கு வரும்போது நேரம் முடிந்துவிடும். (மவுசை நாங்கள் எல்லோரும் எலி என்றுதான் சொன்னோம். ரீச்சரும் அப்படித்தான் சொன்னார்.) ஆனாலும் முடிவில் பொன்னிறக் கரை போட்ட சான்றிதழ் ஒன்று தந்தார்கள். அம்மா அதைக் கண்ணாடி போட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணிப் புகை பிள்ளையாருக்கு, முருகனுக்கு, பிறகு என்னுடைய சான்றிதழுக்கு என்று வரிசையாகப் போகும்.

சண்டை நின்று ஏ9 பாதை திறந்து ஒரு வருடம் ஆகியிருந்த காலம் அது. எங்கள் சித்தப்பாவுக்கு மாங்குளம் சந்தியில் சைக்கிள் கடை. பாதை திறந்ததில் இருந்து அவருக்கு ஒரு வியாதி பிடித்திருந்தது. எதுவானாலும் மாங்குளத்தில் முதலாவதாக அவர்தான் தொடங்க வேண்டும். முதலாவது ஐஸ்கிறீம் கடை அவருடையதுதான். (ஜெனரேற்றர் நின்ற நேரத்தில் அது முதலாவது பாயாசக் கடை ஆகியது.) முதலாவதாகப் படம் பார்க்கும் டெக்கை வாடகைக்கு விட்டவரும் அவர்தான். அதைக் கொண்டுபோனவர் இன்னும் திருப்பித் தரவில்லை. என்னுடைய சான்றிதழைக் கண்டதும் அடுத்ததாக அவர் ஒரு பலகை எழுதிக்கொண்டு வந்தார்: "மாங்குளத்தின் முதலாவது கணினிக் கல்லூரி." கல்லூரி என்பது, ரியூப்பும் ரயரும் தொங்கும் கடைக்குப் பக்கத்து அறை. கணினி இன்னும் வாங்கவில்லை. ஆசிரியை நான்.

இந்த இடத்தில் என்னுடைய அவதியையும் சொல்லவேண்டும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அம்மாவின் கணக்கில் அது முப்பதுக்குக் கிட்ட. அவரிடம் சுவிஸ் மாப்பிள்ளை ஒருவரின் படம் இருந்தது. மாப்பிள்ளை ஒரு சிவப்புக் காரில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"கார் அவரின்ரையோ?" என்று கேட்டேன்.

"நீ காரையே கட்டப்போறாய்? ஆளைப் பார்" என்றார் அம்மா.

ஆளைப் பார்த்தேன். கார் பரவாயில்லை என்று தோன்றியது.

எனக்குச் சுவிஸ் போக விருப்பமில்லை. கரும்பலகைக்கு முன்னால் நின்று நாலு பேருக்கு ஏதாவது சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற ஆசை எனக்குச் சின்ன வயதில் இருந்தே உண்டு. வீட்டுக் கோழிகளுக்கே வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள் நான். நான் அழுது, சாப்பிடாமல் கிடந்து, சித்தப்பா நடுவில் புகுந்து, கடைசியில் அம்மா ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"உந்த வகுப்பு ஒழுங்காத் துடங்கினால் ஒரு வருசத்துக்கு நான் கலியாணக் கதை எடுக்கமாட்டன். துடங்காட்டி, வாயைப் பொத்திக்கொண்டு பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க வாறாய். சரியோ?"

"சரி" என்றேன். அதோடு, என்னுடைய வாழ்க்கை முழுவதும் ஒரு கொம்பியூட்டரின் தலையில் ஏறியது.

கொம்பியூட்டர் வாங்க நானும் வருகிறேன் என்றேன். "நீ படிப்பிக்கிற ஆள் பிள்ளை, சாமான் தூக்கிற ஆளில்லை" என்று சித்தப்பா தனியே வவுனியாவுக்குப் போனார். திரும்பும்போது பஸ்ஸில் மொனிற்றரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பிறந்த பிள்ளையைக்கூட அவர் அப்படிப் பத்திரமாகத் தூக்கி நான் பார்த்ததில்லை.

வயர்களைப் பொருத்தினேன். எல்லாம் அதனதன் ஓட்டையில்தான் போகும், வேறு எதிலும் போகாது என்பதால் அதில் பிழைவிட முடியவில்லை. பெட்டியோடு வந்த சீடியில் இருந்த எல்லாவற்றையும் ஏற்றினேன். எது தேவை, எது தேவையில்லை என்று மூன்று மாதத்தில் சொல்லித்தரவில்லை. அதில் ஒன்று திரையின் மூலையில் சின்னப் பெட்டி ஒன்றைத் திறந்து இலக்கங்களைக் காட்டத் தொடங்கியது.

"உதென்ன பிள்ளை, தொண்ணூற்றெட்டு?" என்றார் சித்தப்பா.

"அது கொம்பியூட்டரின்ரை சூடு சித்தப்பா. எவ்வளவு சூட்டிலை ஓடுது எண்டு தானே சொல்லும்."

"தொண்ணூற்றெட்டு நல்லதோ, கூடாதோ?"

ஆஸ்பத்திரியில் காய்ச்சல் பார்க்கிறவர்கள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள்! தொண்ணூற்றெட்டுப் புள்ளி நாலு என்றால் சுகம், நூறைத் தாண்டினால் காய்ச்சல். "நோர்மல்" என்றேன் மிடுக்காக. "உங்களுக்கும் எனக்கும் அவ்வளவுதானே." சித்தப்பா தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், பிறகு கொம்பியூட்டரைத் தொட்டுப் பார்த்தார், திருப்தியோடு தலையாட்டினார்.

(ஆஸ்பத்திரிக் கணக்கு பரனைட். கொம்பியூட்டர் சொல்வது செல்சியஸ். அந்தக் கணக்கில் தண்ணீர் கொதிக்க இன்னும் இரண்டு பாகைதான் பாக்கி. இதை நான் பத்தாம் வகுப்பில் படித்திருக்கிறேன். பரீட்சையில் சரியாகவும் எழுதினேன். ஆனால் படித்ததெல்லாம் தேவையான நேரத்தில் ஞாபகத்துக்கு வருவதென்றால் நான் ஏன் மூன்று மாதப் படிப்புக்குப் போகிறேன்?)

தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் நூற்றிப் பன்னிரண்டு. பிறகு நூற்றியிருபத்தேழு. பிறகு ஒரேயடியாகப் பூச்சியத்துக்குக் கீழே ஐம்பத்தைந்து. மாங்குளத்து வெயிலில் ஒரு பொருள் உறைந்து போய் நின்றது. கீழே வோல்ற்றேச்சின் வரிசை. பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று, பிறகு பத்தொன்பது, பிறகு பூச்சியம். பூச்சியத்தைக் காட்டிக்கொண்டே கொம்பியூட்டர் சோக்காக ஓடியது. சாதாரண மூளை உள்ள ஒருவர் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார். எனக்குச் சான்றிதழ் இருந்தபடியால் யோசிக்கத் தேவைப்படவில்லை.

திடீரென்று இலக்கங்கள் சிவப்பாகி, பெட்டி "ஊ... ஈ..." என்று கத்தத் தொடங்கியது. முன்கடையில் சைக்கிள் ரியூப் வாங்க வந்தவர் வானத்தை ஒருதரம் பார்த்தார், அடுத்த நிமிடம் அவரைக் காணவில்லை. கொஞ்சம் பொறுத்து, கடைக்குப் பின்னால் மூடாமல் கிடந்த பழைய பங்கருக்குள் இருந்து தலையை நீட்டி, "குண்டு போட்டுதோ?" என்று கேட்டார். கொம்பியூட்டருக்குச் சுகமில்லை என்று விளங்கப்படுத்தினோம். ரியூப் வாங்காமலே போய்விட்டார்.

முதலில் சித்தப்பாவின் ஜெனரேற்றரில் குற்றம் பிடித்தேன். அது மண்ணெண்ணெயில் ஓடும், இருமும், சில நேரம் குதிக்கும். "என்ரை ஜெனரேற்றரிலை ஒரு பிழையும் சொல்லாதை" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கல்லூரி அதிபரோடு ஆசிரியை பகைக்கக்கூடாது என்பதால், அடுத்ததாக எதிர்ப்பக்கம் இருந்த மா ஆலையில் குற்றம் பிடித்தேன். ஆலை தன்னுடைய எஞ்சினில் ஓடியது. எங்கள் வயருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் சத்தம் இருந்தது. எனக்கு அது போதுமாயிருந்தது.

ஆலைக்காரரிடம் போய், "உங்கடை அதிர்விலை எங்கடை வோல்ற்றேச் குழம்புது, கொஞ்ச நேரம் நிப்பாட்டுங்கோ" என்றேன். பாவம், படித்த பிள்ளை சொல்கிறது என்று நிற்பாட்டினார். ஊறப்போட்ட அரிசியோடு வரிசையில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதமாட்டேன். மூலையில் இலக்கங்கள் முன்னரைவிட உற்சாகமாக ஆடின. அன்றைக்கு மாங்குளத்தில் பல வீடுகளில் இரவுக்குப் புட்டு இல்லை.

செய்தி கேள்விப்பட்டு அம்மா வந்தார். நூற்றியிருபத்தேழைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"ஐயோ, நெருப்புக் காய்ச்சலெல்லே! நெத்தியிலை ஈரச்சீலை போடன்."

"அம்மா, இது மெசின்."

"மெசினெண்டால் சூடில்லையோ? உன்ரை சித்தப்பா ஜெனரேற்றர் கொதிச்சால் ஈரச்சாக்குத்தானே போடுறவர்?"

சொல்வதில் ஒரு நியாயம் இருந்தது. பெட்டிக்கு மேல் ஈரச்சீலையும், பக்கத்தில் மேசை விசிறியும் வைத்தோம். கொத்தமல்லி அவித்துக் கொடுக்காததுதான் குறை.

திறப்புவிழாவுக்கு முதல்நாள் பின்னேரம் நான் முடிவெடுத்தேன், பெட்டியைத் திறப்பதென்று. சைக்கிள் கடையில் ஸ்குறூட்றைவருக்கா பஞ்சம்? பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு அலுமினியக் கட்டை, அதன் தலையில் குட்டி விசிறி. அதையும் நெம்பிக் கழற்றினேன். கீழே தீப்பெட்டி அளவில் ஒரு சதுரச் சில்லு இருந்தது. கொம்பியூட்டரின் மூளை அதுதான் என்று வகுப்பில் படம் காட்டியிருக்கிறார்கள். படத்தில் அது வெறுமையாக இருந்தது. இங்கே அதன்மேல் வெள்ளையாக எதையோ குழைத்துப் பூசியிருந்தது.

எனக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"திருநீறு!" என்றோம் இரண்டு பேரும்.

நீங்கள் சிரிக்கலாம். எங்கள் பக்கத்தில் புதிதாக எது வந்தாலும், சைக்கிளோ நெற்சூடு அடிக்கிற மெசினோ பஸ்ஸோ, முதலில் அதற்குத் திருநீறு பூசி, தேசிக்காய் வைத்துத்தான் ஓடவிடுவார்கள். சித்தப்பா தான் விற்கும் ஒவ்வொரு சைக்கிளின் ஹாண்டிலிலும் மூன்று விரலால் இழுத்துவிட்டுத்தான் கொடுப்பார். வவுனியாக் கடைக்காரரும் சாமிக்குப் பயந்த ஆள், பூசை பண்ணி அனுப்பியிருக்கிறார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

"நல்ல மனிசன். வெளியிலை பூசினால் அழிஞ்சுபோம் எண்டு உள்ளுக்கே பூசியிருக்கிறான்" என்றார் சித்தப்பா உருகிப்போய்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த வயதில் எனக்குப் பகுத்தறிவும் கொஞ்சம் இருந்தது. (அதுவும் ஏறக்குறைய மூன்று மாத அளவுதான்.) "உந்த மூடநம்பிக்கையாலைதான் நாங்கள் முன்னேறாமல் கிடக்கிறம்! இவ்வளவு சாம்பலை மூளையிலை அப்பினால் ஆருக்குத்தான் காய்ச்சல் வராது?" என்று ஒரு பிரசங்கம் வைத்தேன். பிறகு கைலேஞ்சியில் கொலோன் ஊற்றி, சில்லையும் கட்டையின் அடியையும் பளபளவென்று துடைத்தேன். "வேண்டாம் பிள்ளை, சாமி காரியம்" என்று சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். ஓட்டிப் பார்க்கவில்லை. மண்ணெண்ணெய் அடுத்த நாள் விழாவுக்கு மட்டும்தான் மட்டுக்கட்டி இருந்தது.

விழா அன்று வாழை கட்டி, கும்பம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி எல்லாம் முறைப்படி நடந்தது. பிள்ளையார் கோயில் ஐயர் வந்தார். பாதி மாங்குளம் வந்தது. இரவுப் புட்டை இழந்த பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். ஒட்டுசுட்டான் பஸ்ஸில் இருந்து பட்டுச்சேலையோடு இறங்கிய ஒரு பெரியம்மாவை அம்மா ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்து முன்கதிரையில் இருத்தினார்.

"ஆர் அம்மா அவா?"

"எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்."

அந்தத் தூரத்துச் சொந்தம் என்னைக் கால் பெருவிரலில் இருந்து தலை உச்சி வரை ஒருதரம் அளந்தது. எனக்கு விளங்கிவிட்டது. சுவிஸ் மாப்பிள்ளையின் பெரியம்மா! வகுப்புத் தொடங்கினால் ஒரு வருடம் பேச்சே இல்லை என்று சொன்ன அம்மா, தொடங்காவிட்டால் நேரம் வீணாகக்கூடாதென்று பெண் பார்க்கும் படலத்தையும் அதே மேடையில் வைத்துவிட்டார். அம்மாவின் திட்டமிடலை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன்.

நான் கொம்பியூட்டரைப் போட்டேன். திரை வெளிச்சமானது. எல்லோரும் கைதட்டினார்கள். "இருபத்தோராம் நூற்றாண்டின் வாசலில்..." என்று நான் பேச்சைத் தொடங்கியதும் திரை கறுத்தது. திரும்பப் போட்டேன். நூற்றாண்டின் வாசலைத் தாண்டுவதற்குள் திரும்பவும் நின்றது. மூன்றாம் முறை "இரு" என்பதோடு நின்றுவிட்டது. அது ஆருக்குச் சொன்னது என்று சனத்துக்கு விளங்கவில்லை, நின்ற சிலர் நிலத்தில் குந்திவிட்டார்கள்.

சித்தப்பாவால் பொறுக்க முடியவில்லை. எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார்.

"நான் மறைக்கேல்லை. உள்ளுக்குச் சாமித் திருநீறு இருந்தது. திருநீறு இருக்குமட்டும் நிக்காமல் ஓடினது. நேற்று உவள் துடைச்சுப்போட்டாள்!"

கூட்டம் என்னைப் பார்த்தது. முன்வரிசையில் ஒருத்தி, "புட்டைக் கெடுத்தவள் சாமியையும் விடேல்லை" என்றாள்.

இந்த இடத்தில் என்னுடைய பகுத்தறிவுக்கு ஒரு சோதனை வந்தது. உண்மையாக யோசித்தேன். திருநீறு இருந்தபோது கொம்பியூட்டர் நாள்முழுக்க ஓடியது. துடைத்தபிறகு நிமிடத்தில் நிற்கிறது. வேறு ஒன்றையும் மாற்றவில்லை. விஞ்ஞானம் என்பது இதுதானே? அம்மாவைப் பார்த்தேன். அவர் பெரியம்மாவின் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணுக்கு முன்னால் சிவப்புக் கார் வந்து நின்றது. நான் தோற்றுப்போனேன் என்பதைவிட, பாஸ்போட்டுக்குப் பயந்தேன் என்பதுதான் சரி.

"ஐயா, கொஞ்சம் திருநீறு தாங்கோ" என்றேன்.

ஐயர் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "பிள்ளை, நான் லொறிக்குப் பூசியிருக்கிறன், தண்ணி மெசினுக்குப் பூசியிருக்கிறன். இதுக்கு எந்த மந்திரம் சொல்லுறதெண்டு எனக்குத் தெரியாது."

"பூசுறதை நான் பூசுறன். நீங்கள் தெரிஞ்சதைச் சொல்லுங்கோ."

சபை பார்த்திருக்கப் பெட்டியைத் திறந்தேன். ஐயர் தந்த திருநீற்றைக் கும்பத்துத் தீர்த்தத்தில் குழைத்தேன். இதைவிடச் சுத்தமான தண்ணீர் அந்த அறையில் இல்லை. தண்ணீர் என்பதுதான் பிரச்சினை என்று யாரும் சொல்லவில்லை. கண்ணை மூடி, "பிள்ளையாரே, சுவிஸ் வேண்டாம், பிள்ளையாரே, சுவிஸ் வேண்டாம்" என்று முணுமுணுத்தபடி சில்லின்மேல் தாராளமாக அப்பினேன். கை நடுங்கியது. பட்டுச்சேலைப் பெரியம்மா கதிரை நுனிக்கு வந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூட்டிப் போட்டேன். ஓடியது!

"இருபத்தோராம் நூற்றாண்டின் வாசலில்" முழுதாகச் சொல்லி முடித்தேன். அப்போதும் ஓடியது. மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது தொண்ணூற்றெட்டுக் காட்டியது.

"நோர்மல்!" என்று கத்திவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அரோகரா!" என்றார் சித்தப்பா. "அரோகரா!" என்றது மாங்குளம். கட்சி மாறி அம்மாவும் கும்பிட்டார்.

அந்த அரோகராச் சத்தம் அடங்க முதல் உள்ளே "டப்" என்றது. பெட்டியின் பின்புறத்தால் மெல்லிய புகை வந்தது. முதலில் எல்லோரும் அதைச் சாம்பிராணி என்றுதான் நினைத்தார்கள். மயிர் கருகும் மணம் வந்தபிறகுதான் தட்டோடு ஐயர் வாசலைத் தாண்டினார். அவருக்குப் பின்னால் நூற்றாண்டின் வாசலில் நெரிபட்டுக்கொண்டு மற்றவர்கள் போனார்கள்.

இரவு சோறு போடும்போது அம்மா, "நாளைக்குச் சித்தப்பாவோடை வவுனியாவுக்குப் போ. கொம்பியூட்டரைக் கடையிலை குடு. அப்பிடியே பாஸ்போட் படத்தையும் எடு" என்றார்.

ஓமந்தையில் ஆமிச் சோதனை. பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஆமிக்காரன் உள்ளே விரலைவிட்டு எடுத்தான். விரல் நிறைய வெள்ளைப் பவுடர்.

"மேக்க மொக்கத?" என்றான். இது என்ன என்று கேட்கிறான். அவன் முகம் மாறியது. கொம்பியூட்டருக்குள் வெள்ளைப் பவுடர் கொண்டுபோகிற இரண்டு பேருக்கு அந்தக் காலத்தில் என்ன நடக்கும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

சித்தப்பாவுக்குச் சிங்களத்தில் மூன்று சொல்தான் தெரியும். அதில் ஒன்று கைகொடுத்தது. "தெய்யோ! தெய்யோ!" என்றார், சாமி, சாமி என்று. உறுதிப்படுத்த, பெட்டிக்குள் கையைவிட்டுச் சாம்பலை எடுத்துத் தன் நெற்றியிலும் என் நெற்றியிலும் பூசினார்.

ஆமிக்காரன் பெட்டியைப் பார்த்தான், எங்கள் நெற்றியைப் பார்த்தான். "கொம்பியூட்டர் தெய்யோ?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன் நான். வேறென்ன சொல்ல?

அவன் இரண்டு அடி பின்னுக்குப் போய், போகலாம் என்று கையைக் காட்டினான்.

வவுனியாவில் கடைக்குள் நுழைந்தோம். மேசைக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒருவர் இருந்தார். தலைக்கு மேலே சுவரில் மக்காவின் பெரிய படம். நான் படத்தைப் பார்த்தேன். தொப்பியைப் பார்த்தேன். எனக்குள் ஏதோ மெல்லக் கழலத் தொடங்கியது.

"சித்தப்பா," என்று மெதுவாகக் கேட்டேன், "இந்தக் கடையிலையோ வாங்கினீங்கள்?"

"ஓம். நல்ல மனிசன் எண்டு சொன்னனான்தானே."

சித்தப்பா நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்கள் பூசி அனுப்பின திருநீற்றை இவள் துடைச்சுப்போட்டாள்" என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் பொறுங்க. நாங்க என்னத்தப் பூசின?"

"திருநீறு."

அவர் சித்தப்பாவைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். (ஓமந்தையில் பூசியது இன்னும் இருந்தது.) பிறகு திரும்பித் தன் தலைக்கு மேலே இருந்த படத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, நாங்க முஸ்லிம் ஆக்கள். எங்கட கடையில திருநீறு எங்கால வாறது?"

அவர் மேசை இலாச்சியைத் திறந்து ஒரு சின்ன ஊசிக்குழாயை எடுத்து விரலில் கொஞ்சம் பிதுக்கிக் காட்டினார். அதே வெள்ளை. "இது பசை. சில்லுட சூட்ட அந்தக் கட்டைக்கு இழுத்துக் குடுக்கிறது. இது இல்லாட்டி ரெண்டு நிமிசத்தில கொதிச்சு நிக்கும்."

"அப்ப அந்த நூற்றியிருபத்தேழு? ஐம்பத்தைஞ்சு?" என்று தடுமாறினேன்.

பெட்டியோடு போன சீடியை வாங்கிப் பார்த்தார். இப்போது அவர் முகம் அசடு வழிந்தது. "இது வேற மதர்போட்டின்ட சீடி. மாறிப் போட்டுட்டம், அது எங்கட பிழை. உங்கட மதர்போட்டுல சூடு பாக்கிற இடம் ஒண்டு, இது பாக்கிற இடம் வேற. வாயில வந்ததச் சொல்லியிருக்கும். மெசினுக்கு ஒரு வருத்தமும் இல்ல தங்கச்சி. சோக்காத்தான் இருந்திருக்கும்." கொஞ்சம் யோசித்து, "நீங்க தொடுமட்டும்" என்றார்.

பிறகு அவரால் அடக்க முடியவில்லை. மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, முதலில் இருந்து சொல்லிச் சிரித்தார். சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். தானும்தான் "திருநீறு" என்று கத்தியவர் என்பது அவருக்கு எப்படியோ மறந்துபோனது. சீடி மாறியது தங்கள் பிழை என்பதால் கடைக்காரர் கருகியதை மாற்றிப் புதிதாகப் பூட்டித்தந்தார். போகும்போது, "உள்ளுக்க இருக்கிறத அல்லாவுக்காகத் தொட்டுறாதீங்க" என்றார்.

பாஸ்போட் படத்தையும் எடுத்தேன். அழுத கண்ணோடு, நெற்றியில் சாம்பலோடு. அதைப் பார்த்து எந்த நாடும் விசா கொடுத்திராது.

வீட்டுக்கு வந்தால் அம்மா சுவரோடு சாய்ந்து இருந்தார். ஒட்டுசுட்டானில் இருந்து செய்தி வந்திருந்தது. "பிள்ளை நல்ல வடிவு, குறை சொல்லேலாது. ஆனால் சாமிப்பக்கம் கொஞ்சம் கூடப்போலை. கண்ணை மூடி மந்திரம் சொல்லுது, கை நடுங்குது, பிறகு கத்துது. சாமி உரு வருமோ எண்டு பயமாக் கிடக்கு. எங்கடை பொடியன் அங்கை கண்டதையும் தின்னுறவன், உங்களுக்குச் சரிவராது."

"கோயிலுக்கு வா எண்டால் கால் உளையுது எண்டுவாய்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "உனக்குச் சாமிப்பைத்தியமாம்!"

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். மந்திரம் பலித்துவிட்டது.

கணினிக் கல்லூரி பிறகு சத்தமில்லாமல் தொடங்கியது. மாணவர்கள் வந்தார்கள். ஒருவராவது என்னை என்னுடைய பெயரில் கூப்பிடவில்லை. "திருநீறு ரீச்சர்" என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் கோபித்தேன், பிறகு பழகிவிட்டது. முரசுமோட்டையில் இருந்து சைக்கிளில் வந்த ஒரு தகப்பன், "திருநீறு ரீச்சரின்ரை வகுப்பு இதுவோ? பிள்ளைக்குத் தேவாரமும் சொல்லிக்குடுப்பீங்களோ?" என்று கேட்டார்.

பிறகு திரும்பவும் சண்டை தொடங்கியது. அந்தக் காலம் எப்படிப்பட்டதென்று எல்லோருக்கும் தெரியும். மாங்குளத்தை விட்டு வெளிக்கிடும்போது சித்தப்பா ஜெனரேற்றரை உழவு மெசினில் ஏற்றினார். கொம்பியூட்டருக்கு இடமில்லை. மேசையில் சீலை போட்டு மூடிவிட்டு வந்தோம். ஜெனரேற்றரும் பிறகு வழியில் எங்கேயோ நின்றது. நாங்கள் மட்டும் உயிரோடு முகாமுக்கு வந்து சேர்ந்தோம். எல்லோரும் வரவில்லை.

முகாமில் தண்ணீருக்கு நீளமான வரிசை. அம்மாவும் நானும் ஆளுக்கொரு வாளியோடு வெயிலில் நின்றோம். அம்மா கதைத்தே பல நாளாகியிருந்தது. அப்போது முட்கம்பிக்கு அந்தப் பக்கத்துப் பிரிவில் இருந்து ஒரு குரல் பலமாகக் கேட்டது.

"திருநீறு ரீச்சர்! ரீச்சர், நீங்கள் இருக்கிறீங்களோ!"

என்னுடைய பழைய மாணவி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கையைக் காட்டினாள். வரிசையே திரும்பி என்னைப் பார்த்தது. எனக்கு அழுகை வந்தது. அவள் உயிரோடு இருக்கிறாள் என்ற சந்தோசம். பக்கத்தில் விசித்திரமான சத்தம் கேட்டது. அம்மா. சிரிக்கிறார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"நீ மட்டும் அண்டைக்கு அந்தத் திருநீற்றைப் பூசாமல் இருந்திருந்தால், இப்ப சுவிசிலை குழாயைத் திறந்து தண்ணி குடிச்சிருப்பாயடி."

"நான் குடிச்சிருப்பன் அம்மா. உங்கடை வாளியை ஆர் தூக்கிறது?"

அம்மா சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு தன்னுடைய வாளியையும் என் கையில் தந்துவிட்டு, நிழல் பார்த்து இருக்கப் போனார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது தண்ணீர் கேட்டால், அம்மா இருந்த இடத்தில் இருந்தபடி, "சுவிஸ் தண்ணியோ, வாளித் தண்ணியோ?" என்று கேட்பார். என்ன சொன்னாலும் எடுத்துக்கொண்டு வருவது நான்தான்.